பிக்கப்பை முகாம் வண்டியாக்கிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஐசூசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி ஒரு பிக்கப்பை வாங்கி, பின்தொட்டிக்கு மேல் கேனோபி (தொட்டியை மூடும் கூடு) போட்டு, கூரையில் கூடாரம், உள்ளே ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, தண்ணீர் டேங்க் எல்லாம் ஏற்றிக்கொண்டு லடாக், ஸ்பிதி, கட்ச் ரண் என்று கிளம்புகிறவர்கள் தமிழ்நாட்டிலும் கூடிக்கொண்டே வருகிறார்கள். இப்படிப் போகும் வண்டிகளில் பெரும்பாலும் தொல்லை தருவது எஞ்சின் அல்ல, நாம் பிறகு சேர்த்த சாமான்கள்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அறிகுறி தெரிகிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் வேறொன்று. நிற்பது ஃபிரிட்ஜ், கோளாறு ஒயரில். மிதப்பது ஸ்டீயரிங், காரணம் பின்கதவில் தொங்கும் கேன்.

அதனால் எந்தப் பொருளையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு நல்ல டயர் பிரஷர் கேஜ், எடைமேடையில் வாங்கிய ஒரு சீட்டு. கீழே வரும் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளை இந்த மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபிரிட்ஜ் இரவில் நின்று நின்று ஓடுகிறது, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது

முகாம் வண்டிகளில் அடிக்கடி கேட்கிற புகார் இதுதான். பலர் உடனே பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம்.

12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்களில், மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாக நின்றுகொள்ளும் ஏற்பாடு இருக்கும். பெரும்பாலும் ஹை, மீடியம், லோ என்று மூன்று நிலை; ஹை-யில் சீக்கிரமே நிற்கும், லோ-வில் கடைசியில்தான் நிற்கும். அது பேட்டரி முனையில் இருக்கும் வோல்டேஜைப் பார்ப்பதில்லை, தன் பிளக்குக்கு வந்து சேரும் வோல்டேஜைத்தான் பார்க்கிறது. நடுவில் இருக்கும் ஒயர் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

எவ்வளவு தின்னும்? பானட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து தொட்டியின் பின்பகுதி வரை 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் 12 மீட்டர். கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயரில் இந்த நீளத்துக்கு மின்தடை சுமார் 0.08 ஓம். கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.2 இருந்தால் ஃபிரிட்ஜுக்கு 11.8 தான் தெரியும். உடனே நின்றுவிடும். நின்றதும் ஒயரில் மின்னோட்டம் இல்லை, இழப்பும் இல்லை, மறுபடி 12.2 தெரியும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இரவெல்லாம் இதே கதை.

சோதிப்பது எளிது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் ஓர் அளவு, ஃபிரிட்ஜின் பிளக்கில் ஓர் அளவு எடுங்கள். ஓடும்போதே எடுக்க வேண்டும், நின்றிருக்கும்போது எடுத்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி பேட்டரி இல்லை.

அப்புறம் எங்கே என்று தேடுங்கள். முதலில் மைனஸ் பக்கம்: பேட்டரியின் மைனஸ் முனைக்கும் ஃபிரிட்ஜின் மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். தொட்டியின் பெயின்ட் பூசிய போல்ட் ஒன்றில் எர்த் கட்டியிருந்தால் பாதி இழப்பு அங்கேயே இருக்கும். எர்த்துக்கும் தனி ஒயர் பேட்டரி வரை இழுப்பதுதான் என் பரிந்துரை. இரண்டாவது சிகரெட் லைட்டர் சாக்கெட். கரடுமுரடான சாலையில் பிளக்கின் நடு ஊசி பின்னால் தள்ளப்பட்டு, தொட்டும் தொடாமலும் நிற்கும். அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அந்தச் சாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆண்டர்சன் பிளக் (அதிர்விலும் இறுக்கமாக நிற்கும் கனமான பிளக்) போடுங்கள். மூன்றாவது ஒயரின் பருமன். 6 ஸ்கொயராக மாற்றினால் அதே 5 ஆம்பியருக்கு இழப்பு 0.17 வோல்ட்டாகக் குறைந்துவிடும். ஃபிரிட்ஜின் விலையோடு பார்த்தால் இந்த ஒயருக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் நிற்கிறதா? கட்-ஆஃப் நிலையைப் பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யும் அதே பேட்டரியில் ஃபிரிட்ஜ் ஓடினால் ஹை-யிலேயே விடுங்கள், அது உங்களைக் காப்பாற்றத்தான் நிற்கிறது. தனிப் பேட்டரி என்றால் மீடியம் அல்லது லோ வைக்கலாம்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரமாவது கழித்து அளந்தால், நன்றாக இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய முழுக்கக் காலி. சாவி திருப்பும்போது டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

வெயில் காலத்தில் 45 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒன்று சராசரியாக மணிக்கு 2 ஆம்பியர்-மணி எடுக்கும். ஒரு நாளுக்கு 48. ஸ்டார்ட்டிங் பேட்டரியை நம்பி இதை ஓட்டக் கூடாது. ஃபிரிட்ஜே இல்லாமல் பேட்டரி இறங்குகிறது என்றால் இன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். எதுவும் மாட்டாமல் ஆன் செய்து விட்டாலே அது அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் என்று குடித்துக்கொண்டிருக்கும்.

நாள் முழுக்க ஓட்டியும் இரண்டாவது பேட்டரி நிரம்பவில்லை

பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எப்போதும் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ரிலே போட்டால் போதும். பிஎஸ்-6 (புதிய புகை விதிமுறை) வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது; இதைத்தான் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் என்கிறார்கள். முதல் பேட்டரி நிறைந்ததும் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜை இறக்கிவிடும். ரிலே இணைப்பைத் துண்டித்துவிடும், இரண்டாவது பேட்டரிக்கு ஒன்றும் போகாது.

நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டியபடியே, பக்கத்தில் இருப்பவரை வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். 13-க்குக் கீழே இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தேவை டிசி-டிசி சார்ஜர், அதாவது குறைந்த வோல்டேஜையும் உயர்த்தி இரண்டாவது பேட்டரியை நிரப்பும் கருவி. ஏற்கெனவே அது இருந்தும் ஏறவில்லை என்றால், சாவி போட்டால் மின்சாரம் வரும் இக்னிஷன் ஒயர் ஒன்று அதற்குத் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியில் அந்த ஒயர் இல்லாவிட்டால் சார்ஜர் வண்டி நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளும். 25 ஆம்பியர் சார்ஜருக்கு 16 ஸ்கொயர் கேபிள் போடுங்கள். ஃபியூஸ் கேபிளின் இரண்டு முனையிலும், பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது, நடுவில் கேபிள் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் இரண்டும் சேர்ந்து எரிக்கும். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து சமரசம் வேண்டாம்.

சமவெளியில் நன்றாக ஏறிய லித்தியம் பேட்டரி, மணாலி-லே பாதையில் உயரத்தில் இருக்கும் சார்ச்சுவில் விடியற்காலையில் ஏற மறுக்கிறதா? அது கோளாறே இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுப்போகும். அதனால் அதன் பாதுகாப்புச் சுற்று சார்ஜை நிறுத்தி வைக்கும். மின்சாரம் எடுக்க மட்டும் விடும். லடாக் போகிறவர்கள் பேட்டரியைத் தொட்டியில் வைக்காமல் பின் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள் வையுங்கள். ஹீட்டர் போட்ட கொஞ்ச நேரத்தில் அது வழிக்கு வந்துவிடும்.

சோலார் பேனல் இருந்தும் ஏறவில்லை என்றால் நிழலைப் பாருங்கள். கூரை கேரியரின் ஒரு கம்பி நிழல் விழுந்தாலே உற்பத்தி பாதிக்கு மேல் விழுந்துவிடலாம்.

பின்பக்கம் தாழ்கிறது, ஸ்டீயரிங் லேசாக மிதக்கிறது, ஹெட்லைட் மேலே பார்க்கிறது

இந்த மூன்றும் ஒரே கோளாறின் மூன்று முகங்கள். எதிரே வருகிறவர்கள் உங்களைப் பார்த்து டிம்-டிப் அடித்துக்கொண்டே இருந்தால், லைட்டைத் திருப்பும் முன் எடைமேடைக்குப் போங்கள்.

வண்டியின் தகட்டில் மொத்த எடை வரம்பு எழுதியிருக்கும். அதில் வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. ஆட்களும் அதில் அடக்கம். பிக்கப் என்றதும் ஒரு டன் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். சரக்கு வண்டியாகப் பதிவாகும் மாடலுக்கு அது பொருந்தலாம். சொந்த உபயோகத்துக்கு விற்கும் சொகுசு டபுள் கேப் மாடல்களுக்கு இந்த எண் அதைவிடப் பெரிதும் குறைவு. கூட்டிப் பாருங்கள்: கேனோபி 70 கிலோ, கூரைக் கூடாரம் 60, டிராயர் பெட்டி 60, சாமானோடு ஃபிரிட்ஜ் 35, தண்ணீர் 40 லிட்டர், ஈய-அமில பேட்டரி 30, உபரி டீசல் 20. ஆள் ஏறும் முன்பே 315 கிலோ ஆகிவிட்டது.

எடைமேடையில் மூன்று முறை ஏற்றுங்கள். முன்சக்கரம் மட்டும், முழு வண்டி, பின்சக்கரம் மட்டும். மொத்தம் வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு வரம்பைத் தாண்டியிருக்கலாம். காரணம் நெம்புகோல் கணக்கு. வி-கிராஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 3.1 மீட்டர். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால், பின்கதவுப் பக்கம் 50 கிலோவைத் தொங்கவிட்டால், பின் அச்சு தாங்குவது 50 அல்ல, ஏறக்குறைய 69. அந்த 19 கிலோ முன்சக்கரத்திலிருந்து பிடுங்கப்பட்டது. ஸ்டீயரிங் மிதப்பது அதனால்தான். மலைச்சாலை வளைவில் முன்டயரின் பிடியும் அந்த அளவு குறைகிறது.

எனவே முதல் வைத்தியம் ஸ்பிரிங் அல்ல, இடமாற்றம். தண்ணீர், பேட்டரி, டூல் பெட்டி மாதிரி கனமானவை கேபினை ஒட்டி, தொட்டியின் தரையில். படுக்கை, துணி, நாற்காலி பின்னால். இதை மட்டும் செய்துவிட்டு மறுபடி எடை போட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் தாழ்ந்தால் லீஃப் பட்டையை (பின் அச்சின் மேல் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங்) பாருங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, வண்டி காலியாக இருக்கும்போது அளந்து குறித்து வைத்திருந்தால் இப்போது உதவும். காலியாக இருக்கும்போதும் அளவு குறைந்திருந்தால் பட்டை தளர்ந்துவிட்டது. சுமைக்கு மட்டும் தாழ்கிறது என்றால், நீங்கள் எப்போதும் சுமக்கும் எடைக்கு ஏற்ற லீஃப் கட்டு ஒன்றைப் போடலாம். ஆனால் கனமான ஸ்பிரிங் போட்டதால் வண்டியின் எடை வரம்பு உயர்ந்துவிடாது. சேசிஸும் ஆக்சிலும் பிரேக்கும் அதேதான்.

பட்டைக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஏர்பேக் வைத்து வண்டியைத் தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. வண்டி நிமிர்ந்துவிடும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் லீஃப் பட்டை சுமையைத் தன் இரண்டு முனைகளிலும் பிரித்து சேசிஸுக்குக் கொடுக்கிறது. ஏர்பேக் அதை நடுவில் ஒரே புள்ளியில் குத்துகிறது. பின்னால் அதிக எடையைத் தொங்கவிட்டு, ஏர்பேக்கை இறுக்கி நிரப்பி, பள்ளங்களில் வேகமாக ஓட்டிய டபுள் கேப் வண்டிகளில் கேபினுக்குப் பின்னால் சேசிஸ் வளைந்துபோவது ஆஸ்திரேலியாவில் நன்கு தெரிந்த கதை. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே ஓர் அளவாகவும் கீழே வேறோர் அளவாகவும் இருந்தால், பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் நினைவில் வையுங்கள். பதிவில் உள்ள அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. முன்னால் புல் பார் போடுவதை எதிர்த்து மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

கேனோபிக்குள் தூசி படிகிறது

ஸ்பிதி வழியில், கிராம்ஃபூவிலிருந்து பட்டால் போகும் பாதையில் ஒரு பகல் ஓட்டினால் போதும், அரிசி மூட்டை வரை மாவு மாதிரி படிந்திருக்கும். ஓடும் வண்டியின் முதுகுப்புறம் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தில் சுழலும் தூசியைக் கேனோபி சிறு இடுக்குகள் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. பிக்கப்பின் பின்கதவு தண்ணீர் வடிய வேண்டும் என்று இடைவெளி விட்டே செய்யப்பட்டது.

இடுக்கைக் கண்டுபிடிக்க, இருட்டிய பிறகு ஒருவர் உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே டார்ச் அடித்துக்கொண்டு சுற்றி வரட்டும். வெளிச்சம் வரும் இடமெல்லாம் தூசி வரும் இடம். பெரும்பாலும் பின்கதவின் கீழ் இரண்டு மூலை, கீல் பக்கம், தொட்டியின் முன் மூலைகளில் உள்ள வடிகால் துளைகள். நல்ல பீடிங் ரப்பர் வைத்து அடையுங்கள்.

முழுக்க அடைப்பது நடக்காத காரியம். அதனால் கேனோபியின் கூரையில் முன்பக்கம் பார்த்த ஒரு காற்றுத் திறப்பு வைத்து, ஓடும்போது திறந்து வையுங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் காற்று வெளியே போகும், தூசி உள்ளே வராது. பின்ஜன்னலை மட்டும் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். தூசியோடு புகையும் உள்ளே வரும், கேபினுக்கும் கேனோபிக்கும் நடுவில் கண்ணாடி திறந்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

காலையில் கூடாரத்துக்குள் எல்லாம் ஈரம்

மழை பெய்யாத இரவிலும் ஈரமா? அப்படியென்றால் ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சு. இரண்டு பேர் தூங்கினால் விடிவதற்குள் அரை லிட்டருக்கு மேல் நீராவி வெளியேறும். மெத்தையின் அடியிலும் உலோகச் சட்டத்திலும் ஈரம் இருந்தால் இதுதான் காரணம். குளிராக இருந்தாலும் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை ஒரு சாண் திறந்து வையுங்கள், மெத்தைக்கு அடியில் காற்றுப் போக வலை மாதிரியான விரிப்பு போடுங்கள். வால்பாறை, கொடைக்கானல் பக்கம் பனிமூட்டத்தில் இது முழுக்கத் தீராது, குறையும்.

தையல் கோட்டில் மட்டும் சொட்டினால் ஒழுகல். புதிய பருத்திக் கலப்புக் கான்வாஸ் என்றால் வீட்டிலேயே விரித்து, நன்றாக நனைத்து, முழுக்கக் காயவைத்து, இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நூல் உப்பி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். ஈரத்தோடு மடித்த கூடாரத்தை அடுத்த நாளே திறந்து உலர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

அடுப்பு மங்குகிறது, அரிசி வேகவில்லை

பியூட்டேன் கேன் போட்ட அடுப்பு என்றால் குளிர்தான் காரணம். கடல் மட்டத்தில் பியூட்டேன் ஆவியாவது −0.5 டிகிரிக்கு மேல்தான். உயரத்தில் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் எரிய எரியக் கேன் தானே குளிர்ந்துகொண்டு போகும். கேனை இரவில் படுக்கைக்குள் வையுங்கள், சமைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். நெருப்பில் காட்டவே கூடாது. புரோப்பேன் கலந்த வாயு இதைவிட நன்றாக வேலை செய்யும்.

அடுப்பு நன்றாக எரிந்தும் சோறு வேகவில்லை என்றால், லே-வின் 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பதுதான் விஷயம். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு கரையாது. குக்கரிலும் ஊரில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். கூடாரத்துக்குள் மட்டும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், எவ்வளவு குளிராக இருந்தாலும்.

மேலே போனதும் வண்டி இழுக்கவில்லை, கறுப்புப் புகை

முதலில் ஏர் ஃபில்டர். தூசிப் பாதைக்குப் பிறகு அதைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் கணவாய் ஏறினால் இப்படித்தான் இருக்கும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் டர்போ ஹோஸ் கிளாம்ப்புகளைப் பாருங்கள்.

குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தால் டீசல் உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கலாம். இந்தியன் ஆயில் 2019-ல் −33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்காகக் கொண்டுவந்தது. சமவெளியில் போட்ட டீசலோடு மட்டும் மேலே போய்ச் சேராதபடி, குளிர்கால டீசலைக் கலந்துகொள்ளத் திட்டமிடுங்கள். மணாலி வழியில் தாண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே பலகையே வைத்திருந்தார்கள்.

உயரத்தில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றை இறக்குவது தேவையில்லாத வேலை. வெளிக்காற்றழுத்தம் குறைவதால் கேஜ் கூடுதலாகக் காட்டும், குளிர் அதைத் திரும்பக் குறைத்துவிடும். சென்னையில் 35 டிகிரி வெயிலில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர், 5,359 மீட்டர் கர்துங் லாவில் 0 டிகிரியில் 33, 34 தான் காட்டும். காலையில் ஓட்டும் முன் பாருங்கள், பிறகு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஏற்றம் 6 பிஎஸ்ஐயைத் தாண்டினால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம்.

பள்ளத்தில் இறங்கும்போது கடகடவென்று சத்தம்

புதிய லீஃப் கட்டு போட்டிருந்தால், பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளை 500 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரென்ச் வைத்து ஒருமுறை இறுக்க வேண்டும். பட்டறையில் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். தளர்ந்த யூ போல்ட், பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் நடு போல்ட்டை அறுத்துவிட்டால் ஆக்சிலே இடம் மாறிவிடும். அடுத்ததாகக் கேனோபி கிளாம்ப், கூடாரத்தைக் கூரையோடு பிடிக்கும் போல்ட், டிராயரைத் தரையோடு பிடிக்கும் போல்ட். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மீதும் பெயின்ட் மார்க்கரால், நட்டையும் அடித்தளத்தையும் சேர்த்து ஒரு கோடு போட்டு வையுங்கள். தினமும் மாலையில் வண்டியை நிறுத்தியதும் டார்ச் அடித்து ஒரு சுற்று வந்தால் போதும். கோடு விலகிய நட்டை இறுக்கி, புதுக்கோடு போட்டு, மறுநாள் மதியம் அதை மட்டும் திரும்பப் பாருங்கள். அப்போதும் விலகியிருந்தால் அந்த நட்டை மாற்றி நைலான் வளையம் வைத்த லாக் நட் போடுங்கள்.